பதில்: தாத்தாவின் தேசப்படத்தில் இருக்கும் தீவு எங்கே போனது?

தம்பி, தாத்தாவின் பழைய தேசப்படப் புத்தகத்தில் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவுக்கு மேற்கே சாண்டி தீவு இருக்கிறது, போனில் தேடினால் இல்லை, கடலில் மூழ்கிவிட்டது என்று ஒப்படையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதவேண்டாம். அது மூழ்கவில்லை, அங்கே தீவே இருந்ததில்லை.

1876இல் வெலாசிட்டி என்ற திமிங்கில வேட்டைக் கப்பல், அந்தப் பக்கம் அலை உடைவதையும் மணல் திட்டுகளையும் கண்டதாகச் சொன்னது. அது கடல் வரைபடத்தில் ஏறியது. பிறகு ஒன்றைப் பார்த்து ஒன்றாக வரைந்து, கூகுள் வரைக்கும் வந்துவிட்டது. 2012 நவம்பரில் அவுஸ்திரேலிய ஆய்வுக்கப்பல் சதர்ன் சர்வேயர் அந்த இடத்துக்கே போய் அளந்தபோது 1,300 மீட்டருக்கும் அதிகமான ஆழம்!

அப்போ அந்த மாலுமிகள் பொய் சொன்னார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலடி எரிமலை கக்கும் நுரைக்கல் பெரிய திட்டாக மிதந்துபோவது உண்டு, அதைப் பார்த்திருக்கலாம் என்கிறார்கள். நீங்கள் அப்புத்தளைக்காரர் தானே, விடியக்காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிறைந்து, மலை உச்சிகள் தீவுகளாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கண் ஏமாறுவது அவ்வளவு சுலபம்.

ஒப்படையில் புத்தகம் அச்சான வருடத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். தீவின் பெயர் பக்கத்தில் 'ஈ.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றதா என்றும் பாருங்கள். இருப்பது சந்தேகம் என்பதற்கு வரைபடக்காரர்கள் போடும் குறி அது. அப்புறம், அந்தப் புத்தகத்தை ஈரம் படாமல் வையுங்கள்.