பி.இ. முடித்துவிட்டு எம்.ஏ. பொருளாதாரம் போகலாமா? கேள்வி பதில்

நானும் மெக்கானிக்கல் முடித்துவிட்டுப் பொருளாதாரத்துக்கு மாறியவள்தான். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூர், பி.இ.: அக்கா, பொருளாதாரத்துல ஒரு பேப்பர்கூடப் படிச்சதில்லை. சேர்த்துக்குவாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள் தம்பி. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) நடத்தும் பொருளாதார எம்.எஸ். படிப்புக்கு பி.இ. போதும். நுழைவுத் தேர்வின் முதல் தாள் கணக்கு. அதில் உங்கள் கை ஓங்கும். சிக்கல் பொருளாதாரம் கேட்கும் இரண்டாம் தாளில். நமக்கு விடை வரும், அர்த்தம் வராது. லக்ராஞ்ச் முறையில், அதாவது ஒரு தட்டுப்பாட்டுக்குள் அதிகபட்ச லாபம் காணும் முறையில், கணக்கைப் போட்டுவிட்டேன். அதில் வரும் லாம்டா (λ) என்ற எண் என்ன சொல்கிறது என்று கேட்டபோது விழித்தேன். லீவில் சோமனூரில் விசைத்தறி ஓட்டும் மாமா வீட்டுக்குப் போனேன். கரண்ட் கட் இருந்த காலம். தறி நின்றிருந்தது. மாமா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: "இன்னொரு மணி நேரம் தறி ஓடினா இவ்வளவு கூலி வரும் கண்ணு. டீசல் செலவு அதுக்குள்ள அடங்கினாத்தான் ஜெனரேட்டர் போடோணும்." அதுதான் லாம்டா! தட்டுப்பாடான ஒன்று இன்னும் ஒரு அலகு கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்ற கணக்கு. ஒவ்வொரு சூத்திரத்தையும் இப்படி ஒரு தறிக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள்.

கோபி, பி.காம்.: ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்கலைங்க்கா.

கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். பல நிறுவனங்கள் ப்ளஸ் டூ கணக்கைத் தகுதியாகவே கேட்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அதைப் பாருங்கள். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.ஏ. சேரலாம். எங்கே சேர்ந்தாலும், தமிழ்நாடு பாடநூலில் 11, 12-ஆம் வகுப்புக் கணக்கை ஒரு வருஷம் போட்டுப் பழகுங்கள். வகைநுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு: இந்த மூன்றும் கட்டாயம்.

பொள்ளாச்சி, ஒரு தந்தை: ஏனுங் மேடம், பொண்ணு பி.எஸ்சி. அக்ரி. மாறினா நாலு வருஷம் வீணாப் போயிருங்களா?

போகாதுங்க ஐயா. கொப்பரை விலை ஏன் இறங்குகிறது என்று தோப்பிலிருந்தே யோசிக்கத் தெரிந்த பிள்ளை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே வேளாண் பொருளாதாரத்தில் முதுகலை இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் துறை) ஆகியவற்றில் ஒன்றில் முதுகலை வேண்டும். அந்தப் பட்டியலில் வேளாண் பொருளாதாரம் என்ற பெயர் இல்லை. பாப்பாவுக்கு அந்த ஆசை இருந்தால் நேராக எம்.ஏ. பொருளாதாரமே சேர்த்துவிடுங்கள்.

ஈரோடு: கோச்சிங் போகணுமா?

வேண்டாம். ஐ.எஸ்.ஐ. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. கடிகாரம் வைத்து எழுதுங்கள். தப்பானதை மறுநாள் காலையில் விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள்.