அப்பாட கல்வெட்டுல என்ன எழுதுற?

கேள்வி: அப்பா தவறிட்டார். 31ம் நாளுக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம், அதுதான் கல்வெட்டு, அடிக்கிறம், வாழ்க்கை வரலாறு என்னைய எழுதச் சொல்லிட்டாங்க. பிறந்தது, படிச்சது, வேலை, கலியாணம் எல்லாம் ஒரு பக்கத்துல முடிஞ்சிட்டு, வாசிச்சா அப்பா மாதிரியே இல்ல. வாழ்க்கை வரலாறு எண்டா உண்மையில என்ன, இத யார் தொடங்கினது?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, 'அப்பா மாதிரியே இல்ல' எண்டு எழுதியிருக்கீங்களே, இத எழுதப்போன எல்லாரும் முட்டுப்பட்ட இடம் அதுதான்.

கிபி 100 அளவுல புளூட்டார்க் எண்ட கிரேக்கர், கிரேக்கர் ஒருத்தர் ரோமர் ஒருத்தர் எண்டு சோடி சோடியா வாழ்க்கை எழுதினவர். அலெக்சாந்தர்ட கதைய தொடங்கக்குள்ளயே சொல்லிப்போடுறார், நான் எழுதுறது வரலாறு இல்ல வாழ்க்கை, பெரிய யுத்தத்துல தெரியாத குணம் ஒரு சின்னப் பேச்சுல, பகிடியில தெரிஞ்சிரும் எண்டு. பயோகிராஃபி எண்ட சொல்லும் கிரேக்கத்துல இருந்து வந்ததுதான், பயோஸ் எண்டா வாழ்க்கை, மற்றப் பாதி எழுத்து.

நம்மட பக்கம் அதுக்கும் முன்னமே நடுகல் இருந்திச்சு, மாடு மீட்கப் போய்ச் செத்தவன்ட பேரையும் செஞ்ச வேலையையும் கல்லுல வெட்டி நட்டாங்க. கடதாசியில அடிக்கிற புத்தகத்த நாம இன்னும் கல்வெட்டு எண்டுதானே சொல்றம்! பிறகு 12ம் நூற்றாண்டுல சேக்கிழார் 63 நாயன்மார்ட கதைய பாடினார், 1859ல கற்பிட்டிக்காரர் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்கள்ட வரலாற்ற இங்கிலீசுல எழுதி அதுக்குத் 'தமிழ் புளூட்டார்க்' எண்டே பேர் வச்சார்.

ஆனா எனக்குப் பெருசாப் படுறது உ.வே.சா செஞ்சதுதான். அவர்ட ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானது 1876ல, அவரப் பத்தி உ.வே.சா எழுதின சரித்திரம் அச்சுல வந்தது 1933ல, இடையில 57 வருசம், அவ்வளவு காலமும் அந்த மனுசன மனசுல வச்சிருந்திருக்கார் பாருங்க. இங்கிலீசுல பேர்போனது 1791ல பாஸ்வெல் எழுதின ஜான்சன் வரலாறு, அகராதி செஞ்ச அந்தப் பெரிய அறிஞர் தன்ட பூனைக்குச் சிப்பி வாங்கத் தானே கடைக்குப் போவாராம், வேலைக்காரர அனுப்பினா அவங்க அந்தப் பூனைய வெறுத்துருவாங்க எண்டு. அகராதிய விட அந்தச் சிப்பிதான் எனக்கு மனசுல நிக்குது.

நம்மட தமிழறிஞர் விபுலானந்த அடிகள எடுங்க. 1892 காரைதீவு, 1931 அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1947 யாழ் நூல் எண்டு எழுதினா அது வேலைக்கு அனுப்புற விண்ணப்பம். விஞ்ஞானம் படிச்ச ஒருத்தர், கையில இல்லாத யாழ் எண்ட பழைய வாத்தியத்துக்கு வருசக்கணக்கா சுருதிக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தார் எண்டு சொன்னாத்தான் ஆள் தெரியும்.

என்ட அலுமாரியில ஒரு கட்டுக் கல்வெட்டு கிடக்கு, பேர மாத்தினா யாருக்கும் பொருந்தும், பார்க்கக்குள்ள மனவருத்தமா இருக்கும். அதனால மாமிக்கிட்ட போய் இருந்து கேளுங்க, 1978ல நம்மட பக்கம் சூறாவளி அடிச்ச ராத்திரி அப்பா எங்க நிண்டவர், யார்ட வீட்டுக்கு முதல்ல ஓடினவர், கோவம் வந்தா என்ன சொல்லி ஏசுவார், அந்த ஏச்சையும் அப்பிடியே போடுங்க. அச்சகத்துக்கு ரெண்டு நாள் பிந்திக் குடுத்தாலும் பரவாயில்ல, ஒரு பக்கம் கூடினாலும் கூடட்டும்.