லைப்ரரியம்மா பதில்கள்

கோடை லீவு நெருங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நூலகத்தில் நடக்கிற இலவச வகுப்புகள், முகாம்கள் பற்றித்தான். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கிளை நூலகங்களில் 32 வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே கண்ணால் பார்த்ததை வைத்தே பதில் எழுதுகிறேன்.

எனக்கு 7 வயதில் ஒரு பையன், 10 வயதில் ஒரு பெண். லீவு விட்டால் இரண்டு பேரும் செல்போனும் கையுமாகத்தான் இருப்பார்கள். ஓவியத்துக்கும் செஸ்ஸுக்கும் ஒரு பயிற்சி மையத்தில் ஆளுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். நூலகத்தில் இலவச கோடை முகாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. “சும்மா கிடைக்கிறதுல என்ன இருக்கப்போகுது” என்கிறார் என் கணவர். அனுப்பலாமா அம்மா?
– வாசகி, கும்பகோணம்

அனுப்புங்கள் தங்கச்சி. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரிடம் வீட்டு வரி ரசீதை எடுத்து நீட்டுங்கள். அதில் ‘நூலக வரி’ என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. 2,000 ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர் 200 ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகம், அந்தப் பணத்தில் ஓடுகிற மின்விசிறி. சும்மா எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் முன்பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக வந்த நூலகச் சட்டம் அது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். சட்டம் வர வேண்டும் என்று பல வருடம் விடாமல் முயன்றவர் எஸ்.ஆர். ரங்கநாதன், உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீர்காழிக்காரர்.

இனி முகாம். ஓவியம், காகித மடிப்பு, செஸ், கதை சொல்லுதல், கையெழுத்து என்று ஊருக்கு ஊர் மாறும். சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கிற தன்னார்வலர்கள். அவர் நன்றாக அமைந்தால் முகாம் நன்றாக அமையும், இதை மறைக்க வேண்டியதில்லை. போட்டிக்குப் போகிற அளவுக்கு செஸ் வேண்டும் என்றால் பயிற்சியாளரிடம்தான் போக வேண்டும். ஆனால் கதைக்கு நூலகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அதை நான் அடித்துச் சொல்வேன்.

எங்கள் நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்குக் கோரைப்பாய் விரிப்போம். நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மாவின் பெண், ஒன்றாம் வகுப்பு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். பாயில் உட்கார மாட்டாள். கதவோரம் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். மூன்றாவது வாரம் நான் கதை சொல்லி முடித்ததும், பாயில் கிடந்த ஆமைக்கதைப் புத்தகத்தை எடுத்துத் தம்பிக்குச் சொல்ல ஆரம்பித்தாள். எழுத்து இன்னும் கூடவில்லை. படத்தைப் பார்த்தே சொல்கிறாள்: “ஆமை கரையேறுச்சு. அதுக்குப் பசி. டீக்கடைக்குப் போயி ஒரு வடை கேட்டுச்சு. காசு இல்ல. கடைக்கார மாமா, நாளைக்குத் தா போன்னுட்டாரு.” புத்தகத்தில் டீக்கடையும் இல்லை, வடையும் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவளும் பாயில்தான். அந்த வருஷக் கடைசிக்குள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள், எந்த வகுப்பும் கட்டணமும் இல்லாமல்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். முகாம் நேரம் முழுக்கப் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பாரா? குடிநீரும் கழிப்பறையும் உண்டா? மற்றதெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். முதல் நாள் நீங்களும் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டில் இடமில்லை, கிளை நூலகம்தான் கதி. சனிக்கிழமை ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை, பாட்டு என்று ஒரே சத்தம். படிக்கிற இடத்தில் இது தேவையா?
– வாசகர், அறந்தாங்கி

தம்பி, உங்கள் சிரமம் நியாயமானது. ஒரே ஒரு கூடம் உள்ள நூலகத்தில் 40 பிள்ளைகள் ஒரு பாட்டை எடுத்தால் நடப்பு நிகழ்வுகள் எங்கே மண்டையில் ஏறும்?

ஆனால் “தேவையா” என்ற வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. அந்த ‘ஒவ்வொரு’ வுக்குள் நீங்களும் உண்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு வருகிற நாலு வயசுக் குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் தம்பி. மீதி நேரமெல்லாம் உங்களுக்குத்தான்.

செய்ய வேண்டியது இது. உங்களைப் போல் படிக்கிற ஐந்தாறு பேர் சேர்ந்து நூலகரிடம் பேசுங்கள். கதை நேரம் எத்தனை மணிக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அது தெரிந்துவிட்டால் அந்த நேரத்துக்கு டீ குடிக்கவோ, வீட்டில் பார்க்க வேண்டியதைப் பார்க்கவோ வைத்துக்கொள்ளலாம். வராண்டாவோ மரத்தடியோ இருந்தால் கதை நேரத்தை அங்கே மாற்றலாம். நானே வேப்பமரத்தடியில் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. தேவைப்படுகிற தேர்வு நூல்களை வாசகர் பரிந்துரையாக எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். தாளில் எழுதியது அலுவலகம் வரை போகும்.

சென்னைக்கோ மதுரைக்கோ போனால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், மதுரை நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இடம் உண்டு. சின்னக் கிளை நூலகத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் நாம் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

எனக்கு 74 வயது. மூட்டு வலி. நூலகம் அரை கிலோமீட்டர்தான், ஆனால் போக முடியவில்லை. சரித்திர நாவல் படித்து இரண்டு வருடம் ஆகிறது.
– ஓய்வுபெற்ற தபால்காரர், அம்பாசமுத்திரம்

ஐயா, ‘நூலக நண்பர்கள்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து கொடுத்து, படித்ததும் வாங்கிப்போவார்கள். பேரனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ நூலகத்துக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் தன்னார்வலர் அமையவில்லை என்றால், அந்தப் பையனையே சேரச் சொல்லுங்கள்.

1931லேயே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாட்டு வண்டி போன காலத்திலேயே வாசல் தேடி வந்த புத்தகம், அரை கிலோமீட்டர் தாண்டி உங்கள் வீட்டுக்கு வராதா? எத்தனை வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பீர்கள். இப்போது உங்கள் வாசலில் ஒருவர் வந்து கூப்பிடட்டும்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை நான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கணக்கு சொல்லித்தரலாம் என்று ஒரு நூலகத்தில் போய்க் கேட்டேன். “இதெல்லாம் எங்க வேலை இல்லைங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மனசு விட்டுப்போச்சு.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

மனசு விடாதீர்கள் டீச்சர். அப்படிச் சொன்னது தப்புதான். ஆனால் சொன்னவர் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். நிறையக் கிளை நூலகங்களில் ஒரே ஆள்தான். கதவு திறப்பது, பேப்பர் அடுக்குவது, இரவல் எழுதுவது, கணக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில். புதிதாக ஒருவர் வந்து “வகுப்பு எடுக்கிறேன்” என்றால், இன்னொரு சுமை வருகிறது என்றுதான் முதலில் தோன்றும்.

அதனால் அடுத்த முறை தனியாகப் போகாதீர்கள். வாசகர் வட்டத்தோடு போங்கள், அதாவது நூலகத்துக்குத் துணையாக நிற்கிற வாசகர்கள் குழுவோடு. வட்டம் பெயரளவில் இருந்தால் உயிர் கொடுங்கள், இல்லவே இல்லை என்றால் தொடங்குங்கள். தொடங்குவதற்குக் கூட்டம் வேண்டாம், நாலு பேர் போதும். எனக்கு அமைந்த கதையைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு ஊரில் நூலகம் பழைய ஓட்டுக் கட்டடம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஓடு சரிந்துவிட்டது. காலையில் திறந்தால் குழந்தைகள் அலமாரி முழுக்கத் தண்ணீர். புத்தகங்கள் ஊறி உப்பி, ஒன்றையும் உருவ முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேப்பர் படிக்க வந்த தையற்கடைக்காரர் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அலமாரியின் பக்கப் பலகையையே கழற்றினார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக் கூடாது, அட்டை முறுக்கிக்கொள்ளும். நிழலில் மின்விசிறிக்குக் கீழே நிற்கவைத்து, பக்கங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாள் செருகி, அது ஈரத்தை இழுத்ததும் மாற்ற வேண்டும். வழுவழுப்பான படத்தாள் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் செருக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு பிரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஒரு வாரம் செருகினார்கள், மாற்றினார்கள், செருகிக்கொண்டே படித்தார்கள். ஒரு பெண் நட்சத்திரங்கள் பற்றிய படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “மிஸ், இது இவ்வளவு நாளா நம்ம லைப்ரரிலயா இருந்துச்சு?” என்று கேட்டாள். அவள் இரண்டு வருட உறுப்பினர். அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அலமாரியில் அடுக்கிவைத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறம்தான் மாதம் ஒரு அலமாரியைக் காலி செய்து, புத்தகங்களைப் பாயில் பரப்பிவைக்கிற பழக்கம் வந்தது.

சட்டையைக் கழற்றிய அந்த நாலு பேர்தான் எங்கள் வாசகர் வட்டம். அப்புறம் தச்சர் ஒருவர் சேர்ந்தார், செவிலியர் ஒருவர் சேர்ந்தார். ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்தவர்களும் உண்டு. மாதம் ஒரு கூட்டம் என்று ஏழு வருடம் விடாமல் நடந்தது.

டீச்சர், நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் கடிதம் எழுதுங்கள்: என்ன சொல்லித்தருவீர்கள், எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பாய் விரிப்பதும் சுருட்டுவதும் பெருக்குவதும் உங்கள் பொறுப்பு என்று. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், அதைப் படித்ததும்தான் நூலகருக்கு மூச்சு வரும். ஒன்றை நூலகரிடம் கொடுத்து, நகலை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். முதலில் நாலே வாரத்துக்கு அனுமதி கேளுங்கள். ஐந்தாவது வாரம் பிள்ளைகளே வந்து நிற்பார்கள். அப்புறம் யாரும் உங்களை அனுப்ப மாட்டார்கள்.

அன்புள்ள லைப்ரரியம்மா, நான் எட்டாம் வகுப்பு. ஒரு பேய்க் கதை எழுதியிருக்கிறேன், 6 பக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் அதை வாசிக்க விடுவார்களா? பணம் கட்ட வேண்டுமா? எனக்கு உறுப்பினர் அட்டை இல்லை.
– மாணவன், வேதாரண்யம்

கண்ணு, பணம் ஒரு பைசா வேண்டாம். நூலகத்துக்குள் உட்கார்ந்து படிக்கவும் நிகழ்ச்சியில் கலந்துகொள்ளவும் அட்டையே தேவையில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் அட்டை. அதற்குக் கொஞ்சம் காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் உண்டு. இரண்டும் சின்னத் தொகைதான். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடு.

கதை நேரம் நடக்கிற நூலகம் என்றால், “நான் ஒரு கதை வைத்திருக்கிறேன்” என்று சொன்னால் போதும், இடம் விடுவார்கள். நடக்கவில்லை என்றால் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். கட்டுரை, பேச்சு, ஓவியப் போட்டிகளெல்லாம் அப்போது நடத்துவார்கள். உன் கதைக்கும் கால் மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லி இப்போதே கேட்டுவை. 6 பக்கத்தையும் வீட்டில் இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொள். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை வெட்டிவிடு.

வெள்ளிக்கிழமை போய் நிற்காதே, அன்றைக்கு நூலகம் லீவு. இரண்டாவது சனிக்கிழமையும் லீவு. வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு கார்டு போடு. பேய் வருகிற இடத்தில் யார் யார் கத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.