மணி அடிக்கிறது, ஆனால் குரல் கேட்கவில்லை: வீட்டு ஐபி போனில் என்ன கோளாறு?

கேள்வி: ஆபீஸில் ஆஸ்டெரிஸ்க் (போன் அழைப்புகளை இணைக்கும் மென்பொருள்) சர்வர். வீட்டில் இருக்கும் ஐபி போனுக்கு அழைப்பு போகிறது, மணியும் அடிக்கிறது. எடுத்தால் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது. ஏன்?

மணி அடிப்பதும் குரல் போவதும் வெவ்வேறு பாதை. அழைப்பை இணைக்கும் எஸ்ஐபி நெறிமுறை வழக்கமாக 5060 போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட நெட்வொர்க் வாசலில்) போகும். குரல், ஆர்டிபி என்ற இன்னொரு நெறிமுறையில், சிறு பாக்கெட்டுகளாகத் தனியே போகும். ஆஸ்டெரிஸ்கின் மாதிரி அமைப்பில் அதற்கு 10000 முதல் 20000 வரை யுடிபி போர்ட்டுகள்.

சிக்கல் முகவரியில். சர்வர் அழைப்புச் செய்தியில் "குரலை 192.168.1.20க்கு அனுப்பு" என்று எழுதிவிடுகிறது. அது ஆபீஸுக்குள் மட்டும் செல்லும் முகவரி. வீட்டுப் போன் அதை நம்பி அனுப்பும் பேச்சு எங்கும் போய்ச் சேராது. ஆகவே சர்வர் அமைப்பில் ஆபீஸின் பொது ஐபியையும், எது உள் நெட்வொர்க் என்பதையும் தெளிவாகக் கொடுங்கள். ரவுட்டரில் அந்த யுடிபி போர்ட்டுகளைச் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்து, வெளியே இருக்கும் போன்களுக்கு 'டைரக்ட் மீடியா'வை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் சர்வர் நடுவிலிருந்து விலகி, இரண்டு போன்களையும் நேரடியாகப் பேசவிடும். ஆபீஸுக்குள் அது நல்லது. இரண்டு ரவுட்டர்களுக்குக் குறுக்கே பெரும்பாலும் தோற்கும். அணைத்தால் குரல் முழுக்கச் சர்வர் வழியே வரும். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 80 கிலோபிட், அவ்வளவுதான்.

ரவுட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' (எஸ்ஐபி செய்திகளில் உள்ள முகவரிகளைத் தானே மாற்றும் வசதி) இருந்தால் அதையும் நிறுத்துங்கள். உதவுவதாகச் சொல்லி முகவரிகளைத் தவறாக மாற்றிவைப்பது பல நேரம் அதுதான்.

ஆனாலும் என் பரிந்துரை விபிஎன், அதாவது வீட்டுப் போனை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான தனிப்பாதை. 5060ஐ இணையத்துக்குத் திறந்து வைத்தால் கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் ஓயாது.