ரைஸ் பேப்பர் அரிசியில் செய்ததா? தாத்தாவின் கிழிந்த புத்தகத்தை அதை வைத்து ஒட்டலாமா?

ஒட்டலாம். ஆனால் புத்தகம் ஒட்ட அந்தப் பெயரில் சொல்லும் தாளுக்கும் அரிசிக்கும் சம்பந்தமில்லை; தின்கிற ரைஸ் பேப்பர் வேறு. தைவானில் ஒரு செடித்தண்டின் உட்சோற்றைச் சீவிச் செய்வதுதான் அசல் ரைஸ் பேப்பர் என்று திருத்த வருபவர்களுக்கு: அதில் சோறு உண்டு, அரிசி இல்லை.

உங்களுக்கு வேண்டியது வாஷி என்கிற ஜப்பானியத் தாளில் கோஸோ வகை, அதாவது காகித மல்பெரி மரத்தின் உள்பட்டையில் செய்த தாள். மரக்கூழ் நார் 1 முதல் 3 மி.மீ. நீளம்; கோஸோ நார் சுமார் 10 மி.மீ. அதனால்தான் சிலந்தி வலை மாதிரி இருந்தும் இழுத்துப் பிடிக்கிறது. 'வாஷி டேப்' என்று பூப்போட்டு விற்பதை வாங்கிவிடாதீர்கள். அது பரிசுப் பொட்டலத்துக்கு.

எழுத்தின் மேல் ஒட்ட, சதுர மீட்டருக்கு 5 கிராம் தாள். வெற்று ஓரத்துக்கு 10 கிராம். கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, காய்வதற்குள் இரு பக்கமும் இழுத்தால் ஓரத்தில் நார் மீசை மாதிரி நிற்கும். அந்த மீசைதான் பிடிப்பு. வெட்டிய ஓரமாக இருந்தால், புரட்டப் புரட்ட அந்தக் கோட்டிலேயே பக்கம் ஒடியும்.

மைதாப் பசை போதாதா என்பார்கள். அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் விறைத்துப் பழுப்பேறும். அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோல மாவைப் பிசைந்து தண்ணீரில் கசக்கி, ரப்பர் மாதிரி வரும் சக்கையை எறிந்துவிட்டு, அடியில் படியும் வெள்ளையைக் காயவையுங்கள். அதில் 1 பங்குக்கு 5 பங்கு தண்ணீர் விட்டு, சிறுதீயில் அரைமணி நேரம் கிண்டி, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். தயிர்ப் பதம் போதும். மோர்ப் பதமானால் பக்கத்தில் நீர்க்கறை விழும்.

பசையைத் தாளில் தடவி, கிழிசல் மேல் வைத்து, பாலியஸ்டர் துணி, மையொற்றுத் தாள், மேலே கனம். 10 நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றி, இரவு முழுக்க விடுங்கள். அவசரப்பட்டால் பக்கம் அப்பளமாகச் சுருளும்.

அதற்கு முன் பேனா மை, ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் ஈரப் பஞ்சால் ஓரமாகத் தொட்டுப் பாருங்கள், கரைந்தால் நிறுத்திவிடுங்கள். மூலையை மடித்ததும் பொடிந்தால் இந்த முறை தாங்காது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிக்கெல்லாம் இதைச் சொல்லவில்லை. அவற்றைத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

இவ்வளவு செய்து பைண்டிங் கடைக்குக் கொடுத்தால், மூன்று ஓரத்தையும் மெஷினில் போட்டுப் பக்க எண்ணோடு அறுத்துத் தருவார்கள். வாயால் சொன்னால் காதில் ஏறாது. 'ஓரம் வெட்டக்கூடாது' என்று அட்டைமேல் எழுதிக் கட்டிக் கொடுங்கள்.