பூச்சிமருந்து ஒத்துக்கொள்ளாத வளர்ப்புப் பாம்புக்குச் சிற்றுண்ணி பிடித்தால் பாதுகாப்பாக ஒழிப்பது எப்படி?

உங்கள் பாம்பு மெலிந்த உடல்வாகுள்ள குட்டி என்றும், தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வர மறுக்கிறது என்றும், இரண்டு நாளாகக் கண்கள் வெளிறத் தொடங்கியிருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாய்களுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தெளித்துவிடச் சொல்லி ஒருவர் யோசனை கூறியதாகவும் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. ஏறக்குறைய அதே யோசனையை நானும் ஒருமுறை நம்பினேன். அதன் பலனை அனுபவித்தது நானல்ல, என் பாம்பு.

நான் கால்நடை மருத்துவர் அல்லன். மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதாததற்காகக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

மைட்ஸ் என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சிற்றுண்ணியின் அறிவியல் பெயர் ஓபியோனிசஸ் நாட்ரிசிஸ். (சிற்றுண்ணி என்று தட்டச்சு செய்தால் என் கைப்பேசி ஒவ்வொரு முறையும் ‘சிற்றுண்டி’ என்று திருத்துகிறது. அவற்றின் பக்கமிருந்து பார்த்தால் அதிலும் தவறில்லை.) கடுகை விடச் சிறிய, கருத்த, உருண்டையான உயிரி; பாம்பின் செதில்களுக்கு அடியிலும், கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பிலும், தாடையின் கீழுள்ள மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். தொல்லை பொறுக்காமல்தான் பாம்பு நீரில் கிடக்கிறது. படுக்கைத் தூளில் சில சமயம் வெளிர் நிறப் பூச்சிகள் மெதுவாக ஊர்வதைக் காணலாம். அவை மட்கிய பொருளைத் தின்பவை, பாம்பைத் தொடாதவை. ஐயமிருந்தால் ஈரமான வெள்ளைக் காகிதத்தைப் பாம்பின் உடலில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். கருப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு, நசுக்கும்போது சிவப்பாகக் கறை பட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

அப்போது என்னிடம் இரண்டு பாம்புகள் இருந்தன. ஒன்று 1.5 கிலோ எடையுள்ள வளர்ந்த பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு). மற்றொன்று 20 கிராமைக்கூட எட்டாத கார்ட்டர் பாம்புக் குட்டி. புதிதாக வந்த கார்ட்டரைத் தனி அறையில் வைத்துக் கவனிக்க வேண்டிய நான், பார்வைக்கு நலமாக இருக்கிறதே என்று பைத்தானின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். விற்றவர் நலமான பாம்பு என்றுதான் சொன்னார். அவர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சில நாட்களில் இரண்டின் மேலும் வெண்பொடி தூவினாற்போல் தெரிந்தது. தோல் உலர்ந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு இரண்டு வாரங்களை வீணாக்கினேன். அந்த வெண்பொடி சிற்றுண்ணிகளின் கழிவு என்பது பிறகுதான் தெரிந்தது.

அனுபவமுள்ளவர் என்று நான் மதித்த ஒருவரின் பேச்சைக் கேட்டு, பெர்மெத்ரின் என்னும் பூச்சிமருந்து கலந்த தெளிப்பானை இரண்டு பெட்டிகளுக்குள்ளும் அடித்தேன். பாம்புகளின் மேல் ஒரு துளிகூடப் படவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. பெட்டி உலர்ந்துவிட்டதாகக் கண்ணுக்குப் பட்டதும் பாம்புகளை உள்ளே விட்டு, தண்ணீர்க் கிண்ணத்தையும் வைத்து, மூடியைச் சாத்தினேன். வெப்பத்தில் மருந்து ஆவியாகும் என்று பயந்து அன்றிரவு வெப்ப விளக்கையும் அணைத்துவிட்டேன்.

பைத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்ட்டர் குட்டியோ நள்ளிரவில் தலையை வானத்தைப் பார்ப்பதுபோல் பின்னோக்கி வளைத்துக்கொண்டு கிடந்தது. கையில் எடுத்து மல்லாத்தினால் திரும்பிப் புரளத் தெரியவில்லை, நாக்கை நீட்டவில்லை, உடல் நெடுகச் சின்னச் சின்னத் துடிப்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தத் துடிப்பை விரல்களில் உணர்ந்த எவரும் இன்னொரு பெட்டிக்குள் அந்த மருந்தை அடிக்கத் துணிய மாட்டார்கள்.

எங்கே தவறினேன் என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியின் கரு அதில்தான் இருக்கிறது. பெர்மெத்ரின் பூச்சியின் நரம்பணுக்களில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்து கொல்கிறது; அதே வகை வாயில்கள் பாம்பின் நரம்புகளிலும் இருக்கின்றன. பெரிய உடலுக்கு அளவு தாங்கும். உடல் சிறுக்கச் சிறுக்க எடைக்கு ஒப்பான தோல்பரப்பு கூடிக்கொண்டே போவதால், ஒரே தரையில் ஊர்ந்தாலும் குட்டி தன் எடைக்குப் பல மடங்கு நஞ்சை வாங்கிக்கொள்கிறது. காற்றோட்டமில்லாத பெட்டியில் கரைப்பானின் ஆவி தங்கிவிடுகிறது. கிண்ணத்து நீரில் மருந்து கலந்தால் அது வயிற்றுக்கும் போகிறது. விளக்கை அணைத்தது எல்லாவற்றையும் விடப் பெரிய மடமை. பெர்மெத்ரினை உள்ளடக்கிய பைரித்ரின் வகை நஞ்சுகள் குளிர்ந்த உடலில் இன்னும் கடுமையாக வேலை செய்பவை. அனோல் பல்லிகளில் செய்த சோதனையிலும் வெப்பம் குறைந்தபோது நச்சுத்தன்மை கூடியது. குட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து நானே குளிரவைத்திருக்கிறேன்.

உடனே அதை வெதுவெதுப்பான நீரில் கழுவி, மருந்தே படாத புதிய டப்பாவில் வெறும் காகிதத்தின் மேல் வைத்து, வழக்கமான வெப்பத்துக்குக் கொண்டுவந்தேன். விடிந்ததும் மருத்துவர்களைத் தேடினேன். முதல் இரண்டு இடங்களில் பாம்பு என்றதுமே பார்க்க மாட்டோம் என்றார்கள். அதில் ஓரிடத்தில் வரவேற்பில் இருந்தவர், “இதையெல்லாம் எதற்கு வளர்க்கிறீர்கள்?” என்று கேட்டார். நாயைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மூன்றாவது மருத்துவர் நீரேற்றம் கொடுத்துத் துடிப்புகளைக் கட்டுப்படுத்தினார். ஆறாம் நாள்தான் குட்டி தானாகப் புரண்டு படுத்தது.

பதினோராம் நாள் அதே பெட்டியில் சிற்றுண்ணிகள் மீண்டும் ஊர்ந்தன. கண்ணாடிக் கதவு நகரும் தடத்துக்குள், மருந்து எட்டாத இடுக்கில் முட்டைகள் பத்திரமாக இருந்திருக்கின்றன. பாம்பு சாகக் கிடந்தது, பூச்சி பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பூச்சியின் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தேன். இரத்தம் குடித்த பெண் பூச்சி முட்டையிடுவதற்குப் பாம்பை விட்டு இறங்கி, ஈரமும் இருட்டும் உள்ள இடுக்குகளைத் தேடிப் போகிறது. வெப்பமான பெட்டியில் முட்டை ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு ஒன்றும் தின்னாது. அடுத்த பருவத்தில்தான் இரத்தம் தேடிப் பாம்பின் மேல் ஏறும். முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை ஏறத்தாழ இரண்டு வாரம். முதிர்ந்த பூச்சி சுமார் 40 நாள் உயிரோடிருக்கும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும், அந்த முட்டைகள் ஆணாகப் பொரியும். ஆகவே தப்பிய ஒரு பெண் பூச்சி போதும், குடும்பம் மீண்டும் தழைக்கும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த வழி ஒன்றுதான்: பாம்பை விட்டுவிட்டுப் பெட்டியோடு சண்டை போடுவது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பார்களே, குடியிருப்பவரை வெளியே எடுத்துவிட்டால் இங்கே கொளுத்துவதுதான் சரி.

குட்டியை இடுக்கோ விளிம்போ இல்லாத வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்தேன். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைக்குழல், சின்னக் கிண்ணத்தில் நீர், வேறெதுவும் இல்லை. காகிதத்தையும் குழலையும் ஒவ்வொரு நாளும் எடுத்து, பையில் இட்டு முடிச்சுப் போட்டு வீட்டுக்கு வெளியே எறிந்தேன். டப்பாவையும் வெந்நீரால் கழுவினேன். நாள் தவறாமல் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இறங்கிய பெண் பூச்சிக்கு முட்டையிட அந்தக் காகித மடிப்பை விட்டால் வேறிடம் இல்லை. முட்டை பொரிவதற்குள் காகிதம் குப்பைக்குப் போய்விடுகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று சோம்பல்பட்டால் கணக்குத் தவறிவிடும், நான் ஒருமுறை தவறவிட்டு ஒரு வாரத்தை இழந்தேன்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்புள்ள, உடலின் பாதியளவுக்கு மேல் ஏறாத நீரில் 15 நிமிடம் விட்டேன், பக்கத்தைவிட்டு நகராமல். சோப்பு சேர்க்கச் சொல்வார்கள். பாம்பு அந்த நீரைக் குடிக்கவும் செய்யும் என்பதால் நான் சேர்க்கவில்லை. நீரில் கிடக்கும்போது சிற்றுண்ணிகள் தலைப்பக்கம் ஏறித் தப்பிக்கும். அவற்றுக்காகப் பஞ்சுக்குச்சியில் கனிம எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, கண் விளிம்பிலும் தாடை மடிப்பிலும் தடவி உடனே துடைத்துவிட்டேன். மூக்குத் துளையில் எண்ணெய் இறங்கக்கூடாது. உடல் முழுவதும் எண்ணெய் பூசுவது எனக்கு உடன்பாடில்லை.

பழைய பெட்டியில் இருந்த மரக்கிளை, பட்டை, படுக்கைத் தூள் அனைத்தும் குப்பைக்குப் போயின. 55 டிகிரி வெப்பத்தில் இந்தப் பூச்சியின் எந்தப் பருவமும் பிழைக்காது என்பதால் பிளாஸ்டிக், பீங்கான் பொருட்களைக் கொதிநீரில் முக்கினேன். கண்ணாடியில் மட்டும் கொதிநீரை ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். கதவுத் தடத்தைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு பெட்டியை எட்டு வாரம் வெறுமையாக உலர வைத்தேன். உணவுமின்றி ஈரமுமின்றி இவை அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதில்லை. உங்கள் பாம்பு மழைக்காட்டு இனம் என்றால் பெட்டியை உலரவிடலாம், பாம்பை உலரவிடக்கூடாது. ஒளிவிடத்தில் ஈரப்பஞ்சு வைத்து அதையும் தினமும் மாற்றுங்கள்.

மண்ணும் செடியும் நிறைந்த பெட்டியைக் கலைக்க மனம் வராதவர்களுக்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. ஸ்ட்ராடியோலேலாப்ஸ் சிமிட்டஸ் என்னும் மண்வாழ் வேட்டைச் சிற்றுண்ணியை விட்டால், அது மற்றச் சிற்றுண்ணிகளைத் தின்னும், பாம்பைக் கடிக்காது. ஆனால் பூச்சிமருந்தின் எச்சம் இருந்தால் முதலில் சாவது அதுதான், ஆகவே இரண்டையும் சேர்க்க முடியாது. கடும் தாக்குதலுக்கு இது ஒன்றே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது ஒரு கூட்டம் வரும். “நாங்கள் பல ஆண்டுகளாக மருந்தைத்தான் பயன்படுத்துகிறோம், ஒரு பாம்பும் சாகவில்லை” என்பார்கள். நம்புகிறேன், என் பைத்தானும் சாகவில்லை. பாம்பையும் நீரையும் வெளியே எடுத்து, பெட்டியில் அளவாக அடித்து, முழுக்க உலரவிட்டு, காற்றாடவிட்ட பிறகு உள்ளே விடுபவர்களோடு எனக்கு வழக்கில்லை. நீங்கள் கேட்டது மருந்து தாங்காத பாம்பைப் பற்றி. ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து பல பாம்புகளுக்குக் கொடுக்கப்படுகிறது. இண்டிகோ என்னும் பாம்பினத்துக்கு அது ஆகாது என்று எச்சரிக்கிறார்கள், ஆமைகளுக்கோ அதைக் கொடுக்கவே கூடாது. நாய்களின் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்துத் தெளிப்பானில் ஆல்கஹால் கரைப்பானாக இருப்பதால், பாம்பின் மேல் நேராக அடிக்கும்போது தொல்லை இரட்டிப்பாகிறது. டைக்ளோர்வாஸ் என்னும் பூச்சிக்கொல்லி ஊறிய பட்டையைப் பெட்டிக்குள் தொங்கவிடும் பழைய பழக்கத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின் ‘இயற்கையானது’ என்று புட்டியில் அச்சிட்டு விற்கிறார்களே, அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பாம்பின் நஞ்சும் இயற்கையானதுதான். வாய்வழி கொடுக்கும் அஃபாக்ஸோலனர் என்னும் உண்ணி மருந்து பற்றிப் பால் பைத்தான்களில் ஆய்வு நடந்திருக்கிறது. உங்கள் குட்டிக்கு அது பொருந்துமா என்பதை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாயின் உட்பகுதி வெளுத்திருந்தாலோ, பாம்பு துவண்டு கிடந்தாலோ, நான் சொன்ன எதையும் செய்து பார்க்காமல் முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அது இரத்தம் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

உங்கள் குட்டியின் கண்கள் வெளிறியிருப்பதைத் தோலுரிப்பு நெருங்குவதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் எண்ணெயும் பஞ்சுக்குச்சியும் இப்போது வேண்டாம். இன்றிரவே வெள்ளைக் காகித டப்பாவுக்கு மாற்றிவிட்டு, காகிதத்தை மட்டும் தினமும் மாற்றிக்கொண்டிருங்கள். தோல் உரியும்போது பெருந்தொகைச் சிற்றுண்ணிகள் அதோடு கழன்று வரும். அந்தச் சட்டையை அழகாக இருக்கிறதே என்று எடுத்து வைக்காமல், கண்ட நிமிடமே பையில் போட்டு இறுகக் கட்டி வெளியே எறிந்துவிடுங்கள். எறிந்த கையை வெந்நீரில் கழுவிய பிறகே அடுத்த பாம்பைத் தொடுங்கள்.