ட்ரையர் ஓடுது, துணி மட்டும் காயல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். முன்ன தோட்டத்து லயத்துல இருந்தோம், வாசல் நீளத்துக்கும் கொடி கட்டி காயப் போடுவோம். இப்ப டாமான் வீடு, பின்னாடி ஒரு கொடி கட்டவும் எடமில்ல, மழை ஆரம்பிச்சா ட்ரையர்தான் கதி. மொதல்ல ஒரு மணி நேரத்துல காஞ்ச துணி இப்ப ரெண்டு மணி நேரம் ஓடியும் ஈரமாவே இருக்கு. ஃபில்டர்ல உள்ள பஞ்ச ஒவ்வொரு தடவையும் எடுத்துடறேன். பாக்க வந்த தம்பி ஹீட்டர் போச்சு மாத்தணும்ங்கிறாரு. மாத்தலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்படாதீங்க தங்கச்சி. மெஷின போட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு கதவத் தொறந்து உள்ள கைய விட்டுப் பாருங்க. சூடு இருக்கா? இருந்தா ஹீட்டர் உசுரோடதான் இருக்கு. ரொம்ப நேரம் ஓடுனப்பறம் நடுவுல போய்த் தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருக்கலாம், அத வச்சித்தான் முக்காவாசி பேரு ஹீட்டர் போச்சுன்னு முடிவு கட்டுறாங்க. நடக்கறது என்னன்னா, ஹீட்டர் சூடாக்குற காத்த ஃபேன் துணி வழியா தள்ளுது, காத்து ஈரத்த எடுத்துக்கிட்டு ஃபில்டர் வழியா வெளிய போகணும். அந்த வழி அடைச்சா சூடு உள்ளயே நின்னு ஏறும், சூட்ட கண்காணிக்கிற தெர்மோஸ்டாட் பயந்து ஹீட்டர நிறுத்திடும், டிரம் மட்டும் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், கரண்ட் பில்லும் கூடவே சுத்தும்.

பஞ்சத்தான் தெனம் எடுக்கறேனேன்னு கேப்பீங்க. பஞ்சு போயிடும், வலையில ஒட்டுன பசை போகாது. துணிக்கு ஊத்துற சாஃப்ட்னர், ட்ரையருக்குள்ள போடற வாசனை ஷீட்டு, இதெல்லாம் சூட்டுல மெழுகு மாதிரி வலைக் கண்ணுல படிஞ்சிடும். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா சுத்தமாத்தான் தெரியும், அதான் ஏமாத்து. (நம்ம ஊர்ல சாஃப்ட்னர் வாசம் பக்கத்து வீடு வரைக்கும் அடிக்கலன்னா தொவச்ச மாதிரியே இல்ல.) பஞ்ச எடுத்துட்டு ஃபில்டர படுக்கையா புடிச்சு பைப்பத் தொறந்து விடுங்க. தண்ணி கீழ சர்ருன்னு இறங்குனா நல்லது, மேல குளம் கட்டி நின்னா காத்தும் அதே மாதிரிதான் நிக்குதுன்னு அர்த்தம்.

அப்படி நின்னா வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு கொஞ்சம் ஊத்தி ஊற வச்சு, பழைய பல்லு பிரஷ்ஷால ரெண்டு பக்கமும் மெதுவா தேச்சுக் கழுவுங்க. கொதிக்கிற தண்ணி வேணாம், பிளாஸ்டிக் ஃபிரேம் வளைஞ்சிடும். நல்லா காஞ்சப்பறம்தான் திருப்பி மாட்டணும், ஈரமா மாட்டுனா பஞ்சு சேறா அப்பிக்கும். மாசத்துக்கு ஒருக்கா இப்படிக் கழுவுங்க. ஷீட்டு போடறவங்க இன்னும் சீக்கிரமே கழுவணும்.

கழுவியும் சரியாகலன்னா, ஃபில்டர் உக்கார்ற பள்ளத்துல வேக்குவம் விட்டு இழுங்க, அதுக்குள்ள எறங்கிக் கெடக்கற பஞ்சு ஒரு கைப்பிடி இருக்கும். அப்பறம் பின்னாடி குழாய். சில்வர் கலர் சுருக்குக் குழாய் செவத்தோட நசுங்கி கெடக்குதா பாருங்க. குழாயே இல்லாம அடுப்படிக்குள்ள காத்த ஊதுற மெஷின்னா ஜன்னல தொறந்து வைங்க, இல்லன்னா வெளிய விட்ட ஈரக் காத்தையே அது மறுபடி இழுத்துக்கிட்டிருக்கும். இத்தனையும் பாத்துட்டு அப்பவும் காயலன்னா அந்தத் தம்பிய கூப்பிடுங்க.

கேள்வி: ஃபில்டர் வலை ஓரத்துல கிழிஞ்சு வெரல் போற அளவுக்கு ஓட்டை. பசை போட்டு ஒட்டவா, இல்ல பழைய ஸ்டாக்கிங் துணிய வச்சு தச்சுக்கவா? புதுசு வர்ற வரைக்கும் ஃபில்டர் இல்லாம ஓட்டலாமா?
– வாசகர், அதே ஊர்

பதில்: ஒட்டவும் வேணாம் தைக்கவும் வேணாம், ஃபில்டர் இல்லாம ஒரு நாள் கூட ஓட்டவும் வேணாம். அந்த ஓட்டை வழியா போற பஞ்சு ஃபேன் எறக்கையிலயும் குழாய்க்குள்ளயும் போய் உக்காந்துக்கும், சில மெஷின்ல ஹீட்டர் பக்கமே போயிடும். பஞ்சுக்கு நெருப்புப் புடிக்க ஒரு பொறி போதும். அமெரிக்க அரசாங்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008லேர்ந்து 2010 வரைக்கும் எடுத்த கணக்குல வருஷத்துக்கு சுமார் 2,900 வீட்டு ட்ரையர் தீ, அதுல முதல் காரணம் சுத்தம் பண்ணாம விட்டது, 34 சதவீதம்.

புதுசு வாங்கறப்ப கடையில போய் "7 கிலோ மெஷின் ஃபில்டர்"னு கேக்காதீங்க, அதே 7 கிலோவுல எத்தனையோ மாடல் இருக்கு. கதவத் தொறந்தா உள்விளிம்புலயோ, இல்ல மெஷின் முதுகுலயோ ஸ்டிக்கர் இருக்கும், அதுல உள்ள மாடல் நம்பர முழுசா, கடைசி எழுத்து வரைக்கும் போட்டோ எடுத்துக்குங்க. பழைய ஃபில்டரையும் முன்னும் பின்னும் எடுத்து, நீளம் அகலம் தடிமன மில்லிமீட்டர்ல எழுதி வச்சுக்குங்க, ஈப்போவுல பார்ட்ஸ் கடையா இருந்தாலும் சரி ஆன்லைனா இருந்தாலும் சரி அத காட்டுங்க. வந்ததும் மாட்டிப் பாத்தா ஆடக்கூடாது, ஓரத்துல இடைவெளி தெரியக்கூடாது. இடைவெளி இருந்தா பஞ்சு அது வழியாத்தான் போகும், வலை புதுசா இருந்து என்ன பிரயோஜனம். கிளிப் உடைஞ்சா, ஃபிரேம் வளைஞ்சா, வலை கிழிஞ்சா மாத்தணும். அதெல்லாம் இல்லாம வருஷா வருஷம் மாத்தச் சொல்றது வியாபாரம்.

கேள்வி: அண்ணே, தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிஞ்சு வீட்டுல உள்ள எல்லார் துண்டும் ஒரு கும்பல். தொவச்சு ட்ரையர்ல போட்டா ஃபில்டர் பிசுபிசுன்னு ஆயிடுது. சோப்பு கூடுதலா போட்டா சரியாகுமா?
– வாசகி, தோட்ட வீடு

பதில்: ஃபில்டர விடுங்கம்மா, அந்தத் துண்டுங்களப் பாத்துதான் எனக்கு பயம். நல்லெண்ணெய் ஊறுன துண்ட சாதாரணமா ஒரு தடவ தொவச்சா எண்ணெய் முழுசா போறதில்ல. ட்ரையர் சூட்டுல மிச்ச எண்ணெய் காத்தோட சேந்து தானா சூடாக ஆரம்பிக்கும், அத சூடாவே எடுத்து மடிச்சு அடுக்கி வச்சா சூடு வெளிய போக வழியில்லாம நடுவுல ஏறிக்கிட்டே போகும், மெஷின நிறுத்தி ரொம்ப நேரம் கழிச்சு கூட புகைஞ்சு தீப்புடிக்கும். இது வதந்தி இல்ல, ட்ரையரோட வர்ற புத்தகத்துலயே எண்ணெய் பட்ட துணிய பத்தி எச்சரிக்கை இருக்கும், நாமதான் அந்தப் பக்கத்த புரட்டறதில்ல.

துண்டுங்கள சுடுதண்ணியில சோப்பு கூடுதலாவே போட்டு ஊற வச்சு தொவைங்க, வேணும்னா ரெண்டு வாட்டி. கையில எடுத்து மோந்து பாருங்க, எண்ணெய் வாசம் லேசா அடிச்சாலும் கொடியிலதான் காயணும், மழையா இருந்தா வாசல் அஞ்சடியில (கூரை போட்ட முன்தாழ்வாரத்துல) ஃபேன் போட்டு காய வைங்க. மத்த துணிக்கும், கடைசியில சூடில்லாம சுத்துற பத்து நிமிஷத்த நடுவுல நிறுத்தாதீங்க, எடுத்ததும் விரிச்சுப் போடுங்க. புல்லு வெட்டுற மெஷின் பெட்ரோல் பட்ட சட்டை, பட்டறை கிரீஸ் துணி, அடியில ரப்பர் ஒட்டுன கால்மிதி, இதெல்லாம் ட்ரையர் பக்கமே போகக் கூடாது.

கேள்வி: ஹீட் பம்ப் ட்ரையர் (ஈரக் காத்த வெளிய ஊதாம, ஈரத்த தண்ணியாக்கி தொட்டியில சேக்கற மெஷின்) வாங்கியிருக்கோம், ஃபில்டர் ரெண்டு அடுக்கா இருக்கு. ரெண்டையும் கழுவணுமா?

பதில்: ஆமா. கடைக்காரர் சொல்லித் தர்றது கதவுப் பக்கம் இருக்கற ஒன்னு, உள்ள இருக்கறத அவரும் மறந்துடுவாரு. சில மாடல்ல கீழ ஒரு சின்னக் கதவு இருக்கும், அதுக்குள்ள மெல்லிசா அலுமினியத் தகடு வரிசை, அதுலயும் பஞ்சு படியும். ப்ளக்க கழட்டிட்டு மெத்து பிரஷ் மாட்டுன வேக்குவத்தால மேலேர்ந்து கீழ இழுங்க, கத்தி கரண்டி வச்சுத் தோண்டாதீங்க, தகடு மடங்கிடும், கையையும் அறுக்கும். தண்ணித் தொட்டியையும் ஒவ்வொரு தடவையும் கொட்டிடுங்க.